அகலமான பின் டயர்: நம் சிறிய மோட்டார் சைக்கிளுக்குத் தேவைதானா?

மோட்டார் சைக்கிள் வாங்கிய இளைஞர்கள் பலர் முதலில் மாற்ற நினைப்பது பின் டயரைத்தான். தொழிற்சாலையிலிருந்து வந்த டயர் அவர்கள் கண்ணுக்கு ஒல்லியாகத் தெரிகிறது. பந்தய மோட்டார் சைக்கிள்களின் பின்னால் உருளும் தடித்த டயரைப் பார்த்த கண்களுக்கு அப்படித்தான் தெரியும். பட்டறையில் கேட்டால், “அகலமாகப் போட்டால் ரோட்டை நன்றாகப் பிடிக்கும்” என்ற பதில் கிடைக்கிறது. டயர் மாறுகிறது, படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பியாகிறது.

அழகுக்காக மாற்றுகிறேன் என்று ஒருவர் சொன்னால் அது அவருடைய விருப்பம். பாதுகாப்புக்காக மாற்றுகிறேன் என்று சொன்னால்தான் நாம் நின்று பேச வேண்டியிருக்கிறது. 110 முதல் 150 சிசி வரையுள்ள நம் நாட்டுக் ‘கப்சாய்’களில், தயாரிப்பாளர் பொருத்திய அளவைத் தாண்டி அகலமான பின் டயரைப் போடுவது பிடிமானத்தைப் பெரிதாகக் கூட்டுவதில்லை. மழைச் சாலையில் அது குறையக்கூட வாய்ப்புண்டு. அதே பணத்தை நல்ல ரப்பருக்கும் சரியான காற்றுக்கும் செலவிட்டால் கிடைக்கும் பயன் அதிகம். மலேசியச் சாலைகளில் உயிரிழப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். ஆகவே இது வெறும் அலங்காரப் பேச்சு இல்லை.

இதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். கணக்கு எல்லாமே இடைநிலைப்பள்ளி அளவிலானதுதான்.

டயரின் பக்கவாட்டில் என்ன எழுதியிருக்கிறது?

முதலில் உங்கள் பின் டயரின் பக்கச்சுவரைப் பாருங்கள். பல கப்சாய்களில் 80/90-17 50P என்றோ அதைப் போன்ற ஒன்றோ எழுதியிருக்கும். 80 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 90 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பதைச் சொல்கிறது. 80இல் 90 விழுக்காடு என்றால் 72 மில்லிமீட்டர். 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 50 என்பது சுமைக் குறியீடு; அந்த ஒரு டயர் 190 கிலோ வரை தாங்கும் என்று பொருள். P என்பது வேகக் குறியீடு. மணிக்கு 150 கிலோமீட்டர்.

17 அங்குலம் என்பது 431.8 மில்லிமீட்டர். அதோடு மேலும் கீழும் 72 மில்லிமீட்டர் சேர்த்தால் டயரின் முழு விட்டம் ஏறத்தாழ 576 மில்லிமீட்டர். இந்தச் சிறு கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அகலத்தை மாற்றும்போது உயரமும் சேர்ந்தே மாறுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

தரையைத் தொடுவது எவ்வளவு?

அகல டயருக்காகச் சொல்லப்படும் முதல் வாதம், ‘அதிக ரப்பர் தரையைத் தொடுகிறது’ என்பது. கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் டயரைத் தாங்கி நிற்பது அதற்குள் இருக்கும் காற்று. காற்றின் அழுத்தம் என்பது விசையைப் பரப்பளவால் வகுத்தால் வருவது. அப்படியானால் தரையைத் தொடும் பரப்பளவு, டயரின் மேலுள்ள சுமையைக் காற்றழுத்தத்தால் வகுத்தால் வந்துவிடும். இந்தக் கணக்கில் டயரின் அகலம் எங்குமே வரவில்லை.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். மோட்டார் சைக்கிள் 105 கிலோ, ஓட்டுபவர் 70 கிலோ, மொத்தம் 175 கிலோ. இதில் 60 விழுக்காடு பின் சக்கரத்தில் இறங்குகிறது என்று கொண்டால் 105 கிலோ, அதாவது சுமார் 1,030 நியூட்டன். பின் டயரில் 225 கிலோபாஸ்கல் காற்று இருக்கட்டும். வகுத்தால் கிடைப்பது ஏறத்தாழ 46 சதுர சென்டிமீட்டர்.

உங்கள் பணப்பையில் இருக்கும் மைகார்ட் அடையாள அட்டையை எடுத்துப் பாருங்கள். அதன் பரப்பளவும் 46 சதுர சென்டிமீட்டர்தான். உங்களையும் வண்டியையும் பின்னால் தாங்கி நிற்பது அந்த அட்டையளவு ரப்பர்.

இப்போது அகலமான டயரைப் போட்டு அதே அளவு காற்றை அடைத்தால் என்ன ஆகும்? சுமையும் மாறவில்லை, அழுத்தமும் மாறவில்லை. தொடுபரப்பும் கிட்டத்தட்ட அதே 46 சதுர சென்டிமீட்டர்தான். டயரின் உடலுக்கும் ஓரளவு விறைப்பு உண்டு என்பதால் இந்தக் கணக்கு நூற்றுக்கு நூறு துல்லியமாக இராது. ஆனால் போக்கு இதுதான். மாறுவது வடிவம். முன்பு நீளவாக்கில் கிடந்த அட்டை இப்போது குறுக்குவாக்கில் கிடக்கிறது. இந்த வடிவ மாற்றம் மழையில் என்ன செய்யும் என்பதைப் பிறகு பார்ப்போம்.

அப்படியானால் பந்தய வண்டிகளுக்கு ஏன் அகல டயர்?

நியாயமான கேள்வி. பள்ளியில் படித்த உராய்வு விதி, உராய்வுக்கும் தொடுபரப்புக்கும் தொடர்பில்லை என்கிறது. பிரான்ஸின் அமோந்தோன் 1699இல் வெளியிட்ட விதி அது. ரப்பர் அந்த விதிக்கு முழுமையாகக் கட்டுப்படுவதில்லை. அது சாலையின் நுண்ணிய மேடு பள்ளங்களில் அமுங்கிப் பற்றிக்கொள்கிறது. அழுத்தம் குறைவாக இருக்கும்போது அதன் உராய்வு எண் சற்றுக் கூடுகிறது. எனவே அகல டயரால் பயனே இல்லை என்று சொல்வதும் அறிவியல் ஆகாது. பயன் உண்டு. அது யாருக்கு என்பதுதான் கேள்வி.

200 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட பெரிய பந்தய வண்டியில், வளைவிலிருந்து வெளியேறும்போது பின் டயர் வழியாக மிகப்பெரிய விசை சாலைக்கு இறங்குகிறது. ரப்பர் சூடாகிறது, தேய்கிறது. அந்தச் சூட்டையும் தேய்மானத்தையும் பகிர்ந்துகொள்ள அதிக ரப்பர் வேண்டும். அந்த வண்டிகள் 60 பாகைக்கும் மேல் சாய்கின்றன. அவ்வளவு சாய்வில் தரையைத் தொட டயரின் ஓரத்திலும் போதிய பரப்பு வேண்டும். அவற்றுக்கு அகல டயர் அவசியம்.

நம் கப்சாய்க்கு இருப்பது 9 அல்லது 10 குதிரைத்திறன். 150 சிசி வண்டிகளில் சுமார் 15. இந்த ஆற்றலில் பின் டயரின் ரப்பர் சூட்டில் தளர்ந்துபோகும் நிலை அன்றாட ஓட்டத்தில் வருவதில்லை.

செப்பாங் பந்தயத் தடத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. 2012இல் தொடங்கிய மோட்டோ3 பிரிவில் ஓடுபவை 250 சிசி ஒற்றைச் சிலிண்டர் வண்டிகள். ஆற்றல் 60 குதிரைத்திறனுக்கு அருகில். நேர்ப்பாதையில் 200 கிலோமீட்டர் வேகத்தை எளிதாகத் தாண்டுகின்றன. 2023 வரை அவற்றுக்கு டன்லப் வழங்கிய பின் டயரின் அளவு 115/75. அதாவது 115 மில்லிமீட்டர். தொழிற்சாலையிலிருந்து 120/70-17 பின் டயரோடு வரும் நம் 150 சிசி வண்டிகளைவிட ஒல்லி. நான்கு மடங்கு ஆற்றலுள்ள பந்தய வண்டிக்கு அந்த அகலம் போதும் என்றால், வேலைக்கும் கல்லூரிக்கும் போய்வரும் நமக்கு 130, 140 எதற்கு?

ரிம்மைக் கேட்காமல் டயரை மாற்றாதீர்கள்

ஒவ்வொரு டயர் அளவுக்கும் ஏற்ற ரிம் அகலம் எவ்வளவு என்பதைத் தயாரிப்பாளர்கள் அட்டவணையாகவே தருகிறார்கள். 80/90-17 டயருக்கு 2 அங்குலத்தை ஒட்டிய ரிம் பொருந்தும். 120/70-17 டயருக்கு 3 அங்குலமோ அதற்கு மேலோ வேண்டும். பலர் ரிம்மை மாற்றாமல் டயரை மட்டும் மாற்றுகிறார்கள். ரிம்மின் அகலம் அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். படித்துப் பார்க்க அரை நிமிடம் போதும்.

ஒடுங்கிய ரிம்மில் அகல டயரை ஏற்றினால் அதன் இரு ஓரங்களும் உள்ளே இழுக்கப்படுகின்றன. டயரின் முதுகு கூம்பி, நடுப்பகுதி மேலே எழுகிறது. நேராக ஓடும்போது தரையைத் தொடுவது அந்தக் கூம்பிய நடுப்பகுதி மட்டுமே. காசு கொடுத்து வாங்கிய அகலத்தில் பெரும்பகுதி தரையைத் தொடாமலே தேய்மானமின்றிப் புதிதாக இருக்கும். நடுவில் மட்டும் விரைவாகத் தேய்ந்து தட்டையாகும். பக்கச்சுவர் சாய்ந்த கோணத்தில் நிற்பதால் வளைவில் டயர் நெளிகிறது. பின்புறம் ஆடுவதைப் போன்ற உணர்வு வருகிறது. இதைத்தான் சிலர், ‘டயர் மாற்றியதிலிருந்து வண்டி மிதக்கிறது’ என்று சொல்கிறார்கள்.

இடவசதியும் ஒரு பிரச்சினை. சங்கிலிக்கும் டயருக்கும், ஸ்விங் ஆர்முக்கும் டயருக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளிதான் இருக்கும். வண்டி நிற்கும்போது உரசாத டயர், பின்னால் ஆள் ஏறி, குழியில் இறங்கி, வேகத்தில் சுழலும்போது உரசலாம். பக்கச்சுவரைச் சங்கிலி அறுத்துக்கொண்டிருப்பது ஓட்டுபவருக்குத் தெரியாது. இடம் போதவில்லை என்று மட்கார்டை வெட்டுவதும் சக்கரத்தைச் சற்றுத் தள்ளிப் பொருத்துவதும் இன்னும் மோசம். முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே கோட்டில் ஓடாத வண்டி நேராகப் போக மறுக்கும்.

வளைவில் கூடுதல் சாய்வு

மோட்டார் சைக்கிள் வளைவில் சாயும்போது தரையைத் தொடும் புள்ளி டயரின் நடுவிலிருந்து உட்புறமாக நகர்கிறது. டயர் அகலமாக இருந்தால் அந்த நகர்வும் அதிகம். அதை ஈடுகட்ட வண்டி இன்னும் கொஞ்சம் சாய வேண்டும். 30 பாகை சாய வேண்டிய வளைவில் 80 மில்லிமீட்டர் டயருக்குக் கூடுதலாக 2 பாகையும், 120 மில்லிமீட்டர் டயருக்குக் கூடுதலாக 3 பாகைக்குச் சற்று மேலும் தேவைப்படும் என்று கணக்கிடலாம். வேறுபாடு ஒரு பாகைதானே என்று தோன்றும். உண்மைதான், அது மட்டும் என்றால் யாரும் விழமாட்டார்கள். ஆனால் முன் டயர் பழைய ஒல்லி டயராகவே இருக்கிறது. சாயும்போது முன்னும் பின்னும் தொடுபுள்ளிகள் வெவ்வேறு அளவில் நகர்கின்றன. திடீரென்று ஒரு நாய் குறுக்கே ஓடும்போதோ, முன்னால் போகும் லாரியிலிருந்து ஏதாவது விழும்போதோ வண்டி முன்பு திரும்பியதைப் போல உடனே திரும்பாது.

அவசரத்தில் பிரேக் பிடிக்கும்போது

பின் டயரை அகலமாக்கினால் பிரேக் நன்றாகப் பிடிக்கும் என்ற நம்பிக்கையும் இருக்கிறது. பிரேக் பிடித்தவுடன் வண்டியின் சுமை முன்னோக்கிச் சாய்கிறது. மேலே பார்த்த அதே வண்டி வினாடிக்கு வினாடி மணிக்குச் சுமார் 22 கிலோமீட்டர் வீதம் வேகம் குறையுமாறு பிரேக் பிடிக்கிறது என்று கொள்வோம். ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரத்திலும், இரு சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரம் 125 சென்டிமீட்டராகவும் இருந்தால், பின் சக்கரத்திலிருந்து 50 கிலோவுக்குச் சற்று அதிகமான சுமை முன் சக்கரத்துக்குப் போய்விடும். 105 கிலோ இருந்த இடத்தில் மிஞ்சுவது 54 கிலோ. மைகார்ட் அளவு தொடுபரப்பு பாதி மைகார்ட் ஆகிவிடுகிறது.

உயிரைக் காக்க வேண்டிய அந்த நேரத்தில் வேலை செய்வது பெரும்பாலும் முன் டயர். பின் டயருக்குச் செலவழித்த பலர், தேய்ந்துபோன முன் டயரோடு மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

மழையில் நடப்பது

நம் நாட்டில் பிற்பகல் மழை என்பது ஆண்டு முழுவதும் உள்ளது. கிள்ளான் பள்ளத்தாக்கில் கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் சைக்கிள் தடத்தில் போகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 1970களில் அமைக்கப்பட்ட அந்தத் தடம் மோட்டார் சைக்கிள்களுக்கென்றே உலகில் முதன்முதலாகப் போடப்பட்டது என்ற பெருமைக்குரியது. ஒடுங்கிய வளைவுகளும் சாலைக்கு அடியில் இறங்கி ஏறும் பகுதிகளும் அதில் உண்டு. பெரிய மழை பெய்தால் தாழ்ந்த இடங்களில் நீர் நிற்கும்.

நீர் நிற்கும் சாலையில் டயர் முதலில் செய்ய வேண்டிய வேலை, நீரை விலக்கிவிட்டுத் தரையைத் தொடுவது. மணிக்கு 72 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு 20 மீட்டர். 3 மில்லிமீட்டர் ஆழமுள்ள நீரில், 5 சென்டிமீட்டர் அகலமான தொடுபரப்பு வினாடிக்கு 3 லிட்டர் நீரை விலக்க வேண்டும். தொடுபரப்பு 7 சென்டிமீட்டர் அகலமானால் விலக்க வேண்டிய நீர் 4.2 லிட்டர். பரப்பளவு அதே 46 சதுர சென்டிமீட்டர் என்பதால், அகலம் கூடும்போது நீளம் 9.2 சென்டிமீட்டரிலிருந்து 6.6 ஆகக் குறைகிறது. அந்த நீளத்தைக் கடக்கும் நேரமும் ஒரு வினாடியின் ஆயிரத்தில் 4.6 பங்கிலிருந்து 3.3 பங்காகக் குறைகிறது. அதிக நீர், குறைந்த நேரம். குறுக்குவாக்கில் கிடக்கும் மைகார்ட் செய்யும் வினை இதுதான்.

நீரை விலக்க முடியாத டயர் அதன் மேல் ஏறி மிதக்கத் தொடங்கும். 1960களில் நாசா விஞ்ஞானிகள் விமான டயர்களை ஆராய்ந்து, மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று கண்டார்கள். அந்தச் சூத்திரப்படி 32 பி.எஸ்.ஐ. காற்றுக்கு அந்த வேகம் மணிக்குச் சுமார் 94 கிலோமீட்டர், 20 பி.எஸ்.ஐ. என்றால் சுமார் 75. மோட்டார் சைக்கிள் டயரின் முதுகு வட்டமாக இருப்பதால் அது விமான டயரைவிட நன்றாகவே நீரைக் கிழிக்கும். எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. போக்கை எடுத்துக்கொள்ளலாம். அகல டயர் விறைப்பாக இருக்கிறது, குலுக்குகிறது என்று சிலர் காற்றைக் குறைத்து ஓட்டுகிறார்கள். அகலத்தைக் கூட்டியதோடு காற்றையும் குறைத்தால் ஒன்றுக்கு இரண்டாக ஆபத்தைச் சேர்க்கிறோம்.

சிறு சிறு இழப்புகள்

80/90-17 இருந்த இடத்தில் 120/70-17 போட்டால் விட்டம் 576 மில்லிமீட்டரிலிருந்து 600 ஆகிறது. 4 விழுக்காடு உயர்வு. பின் பற்சக்கரத்தில் 36 பற்கள் இருந்தால் அதில் ஒன்றரைப் பல்லைக் குறைத்ததற்கு இது சமம். இழுவை குறையும், மேட்டில் ஏறும்போது தெரியும். டயரின் எடையும் கூடுகிறது. சுழலும் சக்கரத்தின் வெளி விளிம்பில் கூடும் ஒரு கிலோ, வண்டியின் உடலில் கூடும் ஏறத்தாழ இரண்டு கிலோவைப் போல வேகமெடுப்பை மந்தமாக்கும். 10 குதிரைத்திறன் எஞ்சினுக்கு இது பெரிய சுமை. பெட்ரோலும் அதற்கேற்பச் செலவாகும்.

வேகமானி முன் சக்கரத்திலிருந்து அளவெடுத்தால் பாதிப்பில்லை. கியர்ப் பெட்டிப் பக்கத்திலிருந்து அளவெடுக்கும் வண்டிகளில் வேகமானி காட்டுவதைவிட 4 விழுக்காடு வேகமாக நீங்கள் போய்க்கொண்டிருப்பீர்கள்.

எதிர்ப்பக்கத் தவறு

இவ்வளவும் படித்துவிட்டு, ‘அப்படியானால் ஒல்லி டயரே நல்லது’ என்று யாரும் முடிவுசெய்துவிடக் கூடாது. இழுவைப் பந்தயப் பாணியில் 50, 60 மில்லிமீட்டர் டயர்களை மாட்டிக்கொண்டு ஓடும் இளைஞர்களும் நம்மிடையே உண்டு. அது இன்னும் ஆபத்தானது. ஒல்லி டயரின் சுமைத் தாங்குதிறன் குறைவு. குழியில் விழுந்தால் ரிம் அடிபடும். பின்னால் ஆளை ஏற்றினால் டயர் தன் எல்லையைத் தாண்டிவிடும். வண்டியை வடிவமைத்தவர்கள் எடை, ஆற்றல், ரிம், திரும்பும் தன்மை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் ஓர் அளவைத் தேர்ந்தார்கள். அந்த அளவை எந்தப் பக்கம் மாற்றினாலும் விலை கொடுக்க வேண்டும்.

எப்போது மாற்றலாம்?

ஒரு படி மேலே போவதில் நியாயம் உண்டு. 80/90-17க்குப் பதில் 90/80-17 போடுவதாக வைத்துக்கொள்வோம். 90இல் 80 விழுக்காடு 72 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அப்படியே இருக்கிறது. விட்டம் மாறவில்லை, கியர் விகிதம் மாறவில்லை. ரிம்மின் அகலம் அந்த டயருக்கு ஏற்றதா, சங்கிலிக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்துப் போட்டால் போதும்.

சுமை ஏற்றுபவர்களின் தேவையும் உண்மையானது. பின்னால் பெரிய பெட்டியோடு நாள் முழுவதும் உணவு விநியோகம் செய்பவர்களுக்கு, காலையில் மனைவியையும் பிள்ளையையும் ஏற்றிச் செல்பவர்களுக்கு, தாங்குதிறன் அதிகமுள்ள டயர் தேவைப்படலாம். அவர்கள் கேட்க வேண்டியது அகலத்தை விடச் சுமைக் குறியீட்டை. அதே அளவில் உயர்ந்த குறியீடு உள்ள டயர் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பணத்தை எங்கே போடலாம்?

அகல டயரும் ரிம்மும் வாங்க வைத்திருக்கும் பணத்தில், அதே அளவில் தரமான ரப்பர்க் கலவை கொண்ட முன், பின் டயர்கள் இரண்டையும் வாங்கிவிடலாம். ஈரச் சாலையில் பிடிமானத்தைப் பெரிதும் தீர்மானிப்பது ரப்பரின் கலவையும் வரிப்பள்ளங்களும்தான். சிலிக்கா கலந்த ரப்பர் ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும் என்பதால் மழைக்கான டயர்களில் அதைச் சேர்க்கிறார்கள்.

வாங்கும்போது பக்கச்சுவரில் நான்கு இலக்க எண்ணைத் தேடுங்கள். 2324 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. நம் வெயிலில் ரப்பர் ஆண்டுக்கு ஆண்டு இறுகுகிறது. கடையில் பல ஆண்டுகள் கிடந்த டயர் புதிதுபோல் பளபளத்தாலும் அதன் பிடிமானம் குறைந்திருக்கும். மலிவு விலையில் கிடைக்கிறது என்றால் ஏன் மலிவு என்று அந்த எண் சொல்லிவிடும்.

காற்று எல்லாவற்றையும்விட மலிவானது. வாரம் ஒருமுறை, வண்டியை ஓட்டிச் சூடாக்குவதற்கு முன், வண்டியில் ஒட்டியிருக்கும் தாளில் குறிப்பிட்ட அளவுக்குக் காற்று அடியுங்கள். பெரும்பாலான பெட்ரோல் நிலையங்களில் இதற்குக் காசு வாங்குவதில்லை.

பட்டறைக்காரர்களுக்கும் பெற்றோருக்கும்

டயர்ப் பட்டறை நடத்தும் அண்ணன்மார்களிடம் ஒரு வேண்டுகோள். ஓர் இளைஞர் வந்து அகல டயர் கேட்டால், ரிம்மின் அகலத்தைப் படித்துப் பார்த்துவிட்டு டயரை எடுங்கள். எந்த ரிம்முக்கு எந்த டயர் என்ற அட்டவணையைச் சுவரில் ஒட்டிவையுங்கள். பொருந்தாது என்றால் பொருந்தாது என்று சொல்லுங்கள். ஒரு டயர் விற்பனை போகலாம். உங்கள் சொல்லை நம்பி அந்தப் பையன் அடுத்த பத்து ஆண்டுகள் உங்களிடமே வருவான்.

பெற்றோர்களே, ‘இதெல்லாம் எதற்கு, ஒழுங்காக ஓட்டு’ என்று அதட்டினால் பிள்ளைகள் கேட்கமாட்டார்கள். மைகார்டைத் தரையில் வைத்துக் காட்டுங்கள். சுமையைக் காற்றழுத்தத்தால் வகுக்கச் சொல்லுங்கள். தானே போட்ட கணக்கை எந்தப் பிள்ளையும் எளிதில் மறுக்காது. இயற்பியல் ஆசிரியர்களுக்கும் இதைவிட நல்ல பயிற்சிக் கணக்கு கிடைக்காது. அழுத்தம், உராய்வு, விழுக்காடு, சதுரமூலம் எல்லாம் பள்ளியின் மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடத்திலேயே இருக்கின்றன.

டயரை மாற்றத் தீர்மானித்துவிட்ட வாசகர்களே, பட்டறையில் பணத்தை எடுப்பதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். என் ரிம்மின் அகலம் என்ன? இந்த டயருக்கு அந்த அகலம் ஏற்றதா? இது எந்த ஆண்டு, எந்த வாரத்தில் செய்யப்பட்டது? மூன்றுக்கும் தெளிவான பதில் வரவில்லையென்றால், அன்று காற்றை மட்டும் சரிபார்த்துவிட்டு வீடு திரும்புங்கள்.